மருத்துவர் மறைந்தால் மருந்தின் காரணத்தை யார் சொல்வது?



மழைக்காலத்தின் ஒரு திங்கட்கிழமைக் காலை. திண்டிவனத்தை அடுத்த சிற்றூரிலிருந்து, அறுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவரை அவருடைய மகன் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். மூன்று நாள்களாக வாந்தி. எழுந்து நின்றால் மயக்கம். வாய் திறந்து பேசவும் இயலாத சோர்வு. இரத்த அழுத்தம் மிகவும் தாழ்ந்திருந்தது. சர்க்கரையும் குறைந்திருந்தது. மகனின் கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய ஐந்து காலி மாத்திரை அட்டைகள். மருந்துச் சீட்டு ஒன்றுகூட இல்லை.

“எந்த டாக்டர்கிட்ட காட்டுறீங்க?” என்று கேட்டேன்.

“இருபத்தஞ்சு வருஷமா ஒரே டாக்டர்தான் சார். அவரு தவறி ரெண்டு மாசம் ஆவுது. கிளினிக்கைப் பூட்டிட்டாங்க. இருந்த மாத்திரைய வச்சு ஓட்டினோம். போன வாரம் தீந்துபோச்சு.”

“வேற டாக்டர்கிட்ட போகலையா?”

“அம்மா ஒத்துக்கல சார். அவரு குடுத்த மாத்திரைய இன்னொருத்தர் மாத்திடுவாருன்னு பயம்.”

ஐந்து அட்டைகளில் நான்கு எனக்குப் பிடிபட்டன: இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, வயிற்று அமிலத்துக்கு ஒன்று, சுண்ணாம்புச் சத்துக்கு ஒன்று. ஐந்தாவது அட்டை பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை. அது எதற்காகத் தரப்பட்டது, எத்தனை ஆண்டுகளாக உட்கொள்கிறார் என்ற கேள்விகளுக்கு மகனிடமும் விடையில்லை, தாயிடமும் விடையில்லை.

ஸ்டீராய்டு மாத்திரையைச் சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்து உட்கொண்டால், சிறுநீரகத்தின் மேலே அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். உடலுக்குத் தேவையான கார்டிசால் வெளியிலிருந்து கிடைக்கும்போது, தான் சுரக்க வேண்டியதில்லை என்று அது ஓய்ந்துவிடும். அந்நிலையில் மாத்திரை திடீரென நின்றால் உடலில் இரண்டும் இல்லாமற்போகிறது. அந்த அம்மையாருக்கு நேர்ந்தது அதுவே. சிரை வழியாக ஹைட்ரோகார்டிசோன் ஊசியும் உப்பு நீரும் செலுத்தினோம். மறுநாள் காலை எழுந்து அமர்ந்து இட்லி சாப்பிட்டார். பத்து ஆண்டுகளுக்கு முன் விரல் மூட்டுகள் வீங்கித் தம் தாய் தலை வாரவும் முடியாமல் இருந்த செய்தி மகனின் நினைவுக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

அவர் பிழைத்துக்கொண்டார். (அடையாளம் தெரியாமலிருக்க, இக்கட்டுரையில் வரும் நோயாளிகள் பற்றிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஆயினும் அந்த ஐந்தாவது அட்டை என்னை விட்டு அகலவில்லை. மாத்திரையின் பெயர் அட்டையின் மேல் அச்சாகியிருந்தது. அதன் காரணமோ ஒரே ஒரு மனிதரின் நினைவில் மட்டும் இருந்தது. அவர் மறைந்ததும் காரணமும் மறைந்துவிட்டது.

கண்ணீர் அஞ்சலிக்குப் பிறகு

நம் மாநிலத்தில் மக்கள் மருத்துவர்களை எந்த அளவுக்கு நேசிக்கிறார்கள் என்பதைச் சில மறைவுகள் காட்டியுள்ளன. கோயம்புத்தூர் சித்தாபுதூரில் 20 ரூபாய்க்கு மருத்துவம் பார்த்த டாக்டர் பாலசுப்பிரமணியம் 2016 நவம்பரில் மறைந்தபோது, பல்லாயிரம் பேர் தெருவில் திரண்டனர். சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் ‘5 ரூபாய் டாக்டர்’ என்று போற்றப்பட்ட டாக்டர் ஜெயச்சந்திரன் 2018 டிசம்பரில் மறைந்தார். வியாசர்பாடியில் 1973-இல் 2 ரூபாய்க் கட்டணத்தில் தொடங்கி, பின்னாளில் 5 ரூபாய் மட்டும் பெற்றுவந்த டாக்டர் திருவேங்கடம், கொரோனா முடக்கத்தின் நடுவே 2020 ஆகஸ்டில் மறைந்தார். மூவருக்கும் தெருவெங்கும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. செய்தித்தாள்களும் அவர்களைப் பற்றி மனமுருக எழுதின.

அந்த அஞ்சலி அவர்களுக்கு உரியது, அதில் ஐயமில்லை. ஆனால் சுவரொட்டிக்கு முன் நின்று அழுத முதியவருக்கு அடுத்த மாத இரத்த அழுத்த மாத்திரையை யார் எழுதிக் கொடுத்தார்கள்? அவருடைய பழைய விவரங்களை யார் எடுத்துக் கொடுத்தார்கள்? இக்கேள்விகளை எவரும் எழுப்பியதாக நான் படித்ததில்லை. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இவ்வாறு நாற்பது ஆண்டுகள் ஒரே தெருவில் மருத்துவம் பார்த்தவர்கள் உண்டு. அவர்களுள் ஒருவர் மறையும்போது பல நூறு குடும்பங்கள் ஒரே நாளில் மருத்துவரை இழக்கின்றன.

மருத்துவரை இழப்பது மரணத்தால் மட்டும் நேர்வதன்று. அரசு மருத்துவர் வேறு மாவட்டத்துக்கு மாற்றப்படுகிறார். தனியார் மருத்துவமனையின் நிபுணர் வேலையை மாற்றிக்கொள்கிறார். ஒருவர் மேற்படிப்புக்குச் செல்கிறார். மற்றொருவர் மூப்பினால் கிளினிக்கை மூடுகிறார். நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். அடுத்த முறை செல்லும்போது அந்த நாற்காலியில் அவர் இல்லை.

என்ன காணாமற்போகிறது?

“மாத்திரை பேர்தான் அட்டையிலேயே இருக்கே, அதையே வாங்கிச் சாப்பிட்டுட்டா போச்சு” என்று பலர் எண்ணுகிறார்கள். ஊரிலுள்ள மெடிக்கல் கடைகள் சிலவற்றில் காலி அட்டையைக் காட்டினாலே மருந்து கிடைத்தும் விடுகிறது. ஆனால் மருத்துவரோடு போவது மருந்தின் பெயரன்று. அதைச் சுற்றியிருக்கும் அறிவு.

முதலாவதாக, எந்த மருந்து ஏற்கெனவே தோற்றது என்னும் அறிவு போகிறது. விக்கிரவாண்டிப் பகுதியைச் சேர்ந்த விவசாயி ஒருவர் தம் மருத்துவர் ஓய்வுபெற்ற பிறகு என்னிடம் வந்தார். இரத்த அழுத்தம் கூடியிருந்ததால் எனலாப்ரில் எழுதினேன். இரண்டு வாரத்தில் இரவெல்லாம் வறட்டு இருமலோடு திரும்பி வந்தார். “இதே மாரி ஒரு வாட்டி ஆச்சு சார், பழைய டாக்டரு உடனே மாத்திட்டாரு” என்றார். பழைய மருத்துவர் ஒருமுறை கற்றுக்கொண்டதை அவருடைய உடலை வைத்தே நான் மறுபடியும் கற்றுக்கொண்டேன். இருமலோடு போயிற்று. அதுவே பெனிசிலின் ஒவ்வாமையாக இருந்திருந்தால் என்னவாகியிருக்கும்?

இரண்டாவதாக, எப்போது நிறுத்த வேண்டும் என்னும் அறிவு போகிறது. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட ஒருவர், இரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரல் ஆகிய இரண்டையும் ஏழு ஆண்டுகளாக உட்கொண்டு வந்தார். பெரும்பாலோருக்கு ஏறத்தாழ ஓராண்டு முடிந்ததும் இரண்டில் ஒன்றை நிறுத்தலாமா என்று இதய மருத்துவர் மறு ஆய்வு செய்வது வழக்கம். அவருடைய மருத்துவர் வெளிநாடு சென்றுவிட்டார். மெடிக்கல் கடையில் பழைய அட்டையைக் காட்டி அவர் தொடர்ந்து வாங்கிவந்தார். கறுத்த மலமும் இரத்தச் சோகையுமாக எங்களிடம் வந்தபோதுதான், அந்த மறு ஆய்வு நடக்கவே இல்லை என்பது தெரிந்தது. மருத்துவரை இழந்தவருக்கு மருந்து நின்றுபோவது ஓர் ஆபத்து. நிற்க வேண்டிய மருந்து நிற்காமல் ஓடுவது மற்றோர் ஆபத்து.

மூன்றாவதாக, உங்களைப் பற்றிய இயல்பான அளவு போகிறது. உங்கள் கிரியேட்டினின் ஐந்து ஆண்டுகளாக ஒரே நிலையில் 1.6 ஆக இருக்கிறதா, இந்த மாதம்தான் 1.0-இலிருந்து 1.6 ஆக உயர்ந்ததா? தாளில் எண் ஒன்றுதான், பொருள் வேறு. முதலாவதை நிதானமாகக் கண்காணிக்கலாம். இரண்டாவதற்கு உடனே காரணம் தேட வேண்டும். பழைய எண்ணை அறியாத புதிய மருத்துவர் இரண்டையும் பிரித்தறிய இயலாது.

ஒரே மருத்துவரிடம் நெடுநாள் மருத்துவம் பெறுவதன் பயனை ஆய்வுகளும் காட்டுகின்றன. நார்வே நாட்டில் சுமார் 45 லட்சம் மக்களின் பதிவுகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2022-இல் அச்சில் வெளியான ஆய்வில், ஒரே குடும்ப மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்களுக்கு, ஓராண்டு வரை மட்டும் இருந்தவர்களைக் காட்டிலும் அவசரமாக மருத்துவமனையில் சேர வேண்டிய நிலையும் மரணமும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவாக இருந்தன. இத்தகைய ஆய்வு தொடர்பைக் காட்டுமேயன்றிக் காரணத்தை முற்றாக நிறுவாது. ஆயினும் நம் அனுபவத்தோடு அது ஒத்துப்போகிறது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 2001 முதல் நார்வேயில் ஒவ்வொரு குடும்ப மருத்துவரிடமும் அவருடைய நோயாளிகளின் பட்டியல் உள்ளது. மருத்துவர் விலகினால் அந்தப் பட்டியல் அடுத்து வருபவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. மருத்துவர் மாறுவார் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு செய்த ஏற்பாடு அது.

நம்மிடம் இருப்பதும் இல்லாததும்

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவோடு வாழ்கிறார்கள் என்று 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கணித்தது. இவர்களுள் பெரும்பாலோருக்கு மருந்து வாழ்நாள் முழுவதும் தேவை. அவ்வளவு காலமும் ஒரே மருத்துவர் உடன் இருப்பார் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு நல்ல அடித்தளம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் தொற்றா நோய்களுக்கான பிரிவு உண்டு. திண்டிவனம் அரசு மருத்துவமனை, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவை அருகிலேயே உள்ளன. நம் பகுதி மக்கள் பலரும் புதுச்சேரி ஜிப்மருக்கும் செல்கிறார்கள். தனியார் மருத்துவரை இழந்த ஒருவர் நடுத்தெருவில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கதவுகளில் எதைத் தட்டினாலும் முதலில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: “பழைய சீட்டு இருக்கா?”

அந்தச் சீட்டு எவ்வளவு எளிதில் அழியும் என்பதை 2024-இல் கண்ணால் கண்டோம். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதைத் தொடர்ந்த வாரங்களில் எங்களிடம் வந்தவர்களுள், “பைலெல்லாம் தண்ணியில போயிடுச்சு சார்” என்று சொன்னவர்களை எண்ணி மாளவில்லை. அவர்களுடைய மருத்துவர்கள் உயிரோடுதான் இருந்தார்கள். ஆனால் அந்த மருத்துவர்களிடமும் நகல் இல்லை. நம் வட்டாரத்தில் வெளிநோயாளியின் வரலாறு ஓரிடத்தில் நோயாளியின் பையிலும், மற்றோரிடத்தில் மருத்துவரின் நினைவிலும் இருக்கிறது. இரண்டும் போனால் மூன்றாவது இடமில்லை.

எங்கள் பங்கு

இதில் குற்றம் நோயாளிகளுடையது என்று நான் கருதவில்லை. முதற்பொறுப்பு மருத்துவர்களாகிய எங்களுடையது. என் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் பணியாற்றிவந்த நான், அங்கிருந்து விலகினேன். கடைசி நாளில் உடன் பணியாற்றியவர்கள் பொன்னாடை போர்த்தினார்கள், படம் எடுத்துக்கொண்டோம். என்னிடம் மாதந்தோறும் வந்துகொண்டிருந்த நோயாளிகளுக்கு நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவுமில்லை. சில மாதங்கள் கழித்து ஒரு தந்தை எப்படியோ என் எண்ணைப் பெற்று அழைத்தார். வலிப்பு நோய்க்கு நான் மருந்து எழுதிவந்த அவருடைய மகன், நான் இல்லை என்று அறிந்து வீடு திரும்பியிருக்கிறான். மருந்து நின்றிருக்கிறது. கல்லூரிப் பேருந்தில் வலிப்பு வந்து விழுந்து முன்பற்கள் இரண்டு உடைந்திருந்தன. “நீங்க போறீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்” என்றார் அவர். குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டுத் தொழில்நெறி விதிகள், நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் போதிய முன்னறிவிப்பின்றி மருத்துவர் சிகிச்சையிலிருந்து விலகக் கூடாது என்கின்றன. நோயாளி தம் மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன. ஆனால் ஆவணங்களை 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்னும் விதி உள்நோயாளிகளைப் பற்றியே பேசுகிறது. நீரிழிவு, இரத்த அழுத்தம், வலிப்பு, தைராய்டு ஆகியவற்றுக்காக மாதந்தோறும் வருவோர் வெளிநோயாளிகள். நெடுநாள் மருந்தை நம்பி வாழ்வோருள் பெரும்பாலோரை அந்த விதி தொடவே இல்லை.

ஆகவே என் கருத்து இது. நெடுநாள் மருந்து எழுதும் ஒவ்வொரு மருத்துவரும் நான்கு கடமைகளை ஏற்க வேண்டும். மருந்தின் பெயருக்கு அருகில் அதன் காரணத்தையும் எழுத வேண்டும். ‘இரத்த அழுத்தத்துக்கு’, ‘வலிப்புக்கு’ என்று ஒரு சொல் போதும். எதுவரை என்பதையும் எழுத வேண்டும். எத்தனை முறை மருந்து வழங்கலாம் என்று சீட்டில் குறிக்க வேண்டும். அவ்வாறு குறிக்காத சீட்டுக்கு அட்டவணை எச் மருந்துகளை மறுமுறை வழங்கக் கூடாது என்பதே சட்டம். நான்காவதாக, விலகும் முன் நோயாளியிடம் சொல்லி, அடுத்து யாரிடம் செல்ல வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

“ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கும் இடத்தில் இதற்கெல்லாம் நேரமேது?” என்று என் நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வியே. ஆனால் காரணம் அறியாத ஒரு மாத்திரை அட்டையை வைத்துக்கொண்டு மயங்கிய நோயாளியின் பக்கத்தில் நான் செலவிட்ட நேரம், அந்த ஒரு சொல்லை எழுதும் நேரத்தைக் காட்டிலும் பன்மடங்கு அதிகம். சிலர் வெளிப்படையாகச் சொல்லாத இன்னொரு தயக்கமும் உண்டு: எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தால் நோயாளி வேறிடம் போய்விடுவார் என்பது. போகட்டும். நம் கையெழுத்து புரியாததால் மட்டும் நம்மிடம் தங்கும் நோயாளியை நாம் நமக்கென்று சொல்லிக்கொள்ளலாகாது.

உங்கள் பங்கு

நாங்கள் திருந்தும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். முதல் பக்கத்தில் பெயர், வயது, இரத்த வகை, ஒவ்வாமை, செய்துகொண்ட அறுவை சிகிச்சைகள், வீட்டார் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் ஒவ்வொரு மருந்தையும் ஒரு வரியில் எழுதுங்கள்: வணிகப் பெயரோடு மூலப்பெயர், அளவு, வேளை, காரணம், தொடங்கிய மாதம், எதுவரை. வணிகப் பெயர் கடைக்குக் கடை மாறும். அட்டையில் அதனுடன் அச்சாகியிருக்கும் மூலப்பெயர் மாறாது. மூன்றாவது பக்கத்தை நிறுத்திய மருந்துகளுக்கு ஒதுக்குங்கள்: எந்த மருந்து, ஏன் நிறுத்தப்பட்டது. என் அனுபவத்தில் மிக அதிகம் பயன்படுவதும், அநேகமாக எவரும் எழுதாததும் இந்தப் பக்கமே.

பரிசோதனை முடிவுகளைத் தேதி வாரியாக ஒரு பிளாஸ்டிக் உறையில் இடுங்கள். எல்லாவற்றையும் கைப்பேசியில் படமெடுத்து, வேறோர் ஊரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ அனுப்பிவையுங்கள். வெள்ளம் இரண்டு ஊர்களுக்கு ஒரே நாளில் வருவது அரிது.

மருத்துவரைக் காணும்போது, “அய்யா, இந்த மாத்திரை எதுக்குன்னு இதுல எழுதிக் கொடுங்க” என்று நோட்டை நீட்டுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மில் பலர் எண்ணுகிறார்கள். அது உங்கள் உடலைப் பற்றிய கேள்வி; கேட்பதற்கு உங்களைவிட உரிமையுள்ளவர் இல்லை. இன்னொன்று: கடைசி அட்டையைப் பிரித்த பிறகு மருத்துவரைத் தேடாதீர்கள். கையில் பதினைந்து நாள் மருந்து இருக்கும்போதே செல்லுங்கள்.

ஏற்கெனவே இழந்துவிட்டவர்களுக்கு

உங்கள் மருத்துவர் மறைந்துவிட்டாரா, ஊரை விட்டுச் சென்றுவிட்டாரா? துக்கத்துக்கு நடுவிலும் ஒரு வாரத்துக்குள் மூன்று வேலைகளைச் செய்யுங்கள்.

முதலில், எஞ்சியிருக்கும் மாத்திரைகளை எண்ணுங்கள். எத்தனை நாள் வரும் என்று கணக்கிடுங்கள். நீண்ட நாள் வர வேண்டும் என்பதற்காக ஒன்றைப் பாதியாக்கியோ ஒருநாள் விட்டு ஒருநாளோ உட்கொள்ளாதீர்கள்.

அடுத்து, வரலாற்றைத் திரட்டுங்கள். காலி அட்டைகளைத் தூக்கி எறியாதீர்கள். நீங்கள் வழக்கமாக மருந்து வாங்கும் கடையின் கணினியில் பழைய பில்கள் இருக்கக்கூடும். இரத்தப் பரிசோதனை நிலையத்தில் பழைய முடிவுகள் கிடைக்கலாம். முன்பு உள்நோயாளியாகத் தங்கிய மருத்துவமனையில் வெளியேற்றச் சுருக்கத்தின் நகலைக் கேளுங்கள். மறைந்த மருத்துவரின் குடும்பத்தாரிடமோ கிளினிக் உதவியாளரிடமோ பணிவாகக் கேட்டுப்பாருங்கள். பல ஆண்டுகள் உடனிருந்த உதவியாளருக்கு நீங்கள் நினைப்பதைவிட அதிகம் தெரிந்திருக்கும்.

பிறகு, அருகிலுள்ள மருத்துவர் ஒருவரிடம், அரசு மருத்துவமனையிலோ தனியாரிடமோ, எல்லா மாத்திரைகளையும் எடுத்துச் சென்று காட்டுங்கள். “என் டாக்டர் இப்போது இல்லை, இத்தனை நாள் மருந்துதான் இருக்கிறது” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

சில மருந்துகளுக்கு இந்த ஒரு வாரமும் அதிகம். இன்சுலின், வலிப்பு மருந்துகள், நெடுநாள் உட்கொண்டுவந்த ஸ்டீராய்டு, செயற்கை இதய வால்வு உள்ளவர்கள் உட்கொள்ளும் வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால், அண்மையில் ஸ்டென்ட் வைத்தவர்களின் இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகள், அட்டெனலால், மெட்டோபிரோலால் போன்ற இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகள், குளோனிடின், பார்கின்சன் நோய்க்கான லெவோடோபா, மனநல மருந்துகள், நெடுநாள் உட்கொண்ட தூக்க மாத்திரைகள் ஆகியவற்றைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். வார்ஃபரினின் விளைவு சில நாள்களிலேயே தேய்ந்துவிடும். அதன்பின் செயற்கை வால்வில் இரத்தக் கட்டி உருவாகலாம். அது மூளைக்குச் சென்றால் பக்கவாதம். முதல் வகை நீரிழிவு உள்ளவருக்கு இன்சுலின் ஒருநாள் நின்றாலே நிலைமை மோசமாகலாம். இவற்றுள் ஏதேனும் தீரும் நிலையில் இருந்தால் காத்திருக்க வேண்டாம். எங்கள் மருத்துவமனையானாலும் வேறெந்த மருத்துவமனையானாலும், இரவானாலும் அவசரப் பிரிவுக்கு வாருங்கள். மருந்து நின்ற பின் மயக்கம், நெஞ்சு வலி, வலிப்பு, ஒரு பக்கம் வலுவிழத்தல், நிற்காத வாந்தி ஆகியவற்றுள் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலோ புதிய மருத்துவரிடமோ மாத்திரை மாறினால் அஞ்ச வேண்டாம். மாற்றம் என்பது பழைய மருத்துவர் தவறு செய்தார் என்று பொருள்படாது. ஏன் மாற்றப்பட்டது என்று மட்டும் கேட்டு, நோட்டின் மூன்றாவது பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த அம்மையார் இப்போதும் மாதந்தோறும் வருகிறார். முதல் இரண்டு மாதங்கள் என்னிடம் அதிகம் பேசவில்லை, மகன்தான் பேசுவார். அடுத்த முறை வந்தபோது, நான் மருந்தை எழுதும்வரை பொறுத்திருந்துவிட்டு, “அவரு என் கல்யாணத்துக்கு முன்னாடியிலேர்ந்தே எங்க அப்பாவுக்குப் பார்த்தவரு. வேற ஒருத்தருகிட்ட வந்து உக்காந்தா அவருக்குத் துரோகம் பண்ற மாரி இருந்துச்சு” என்றார். துக்கம் என்று ஒன்று அங்கே இருப்பதையே நான் அதுவரை கவனிக்கவில்லை. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். “அவர் இத்தனை வருஷம் காப்பாத்தின உடம்பும்மா இது. விட்டுடக் கூடாதுன்னுதான் அவரும் நினைப்பாரு” என்றேன். தலையசைத்தார்.

பிறகு பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். மகள் வயிற்றுப் பேத்தி எழுதியது. ஐந்தாவது வரியில், சற்றுக் கோணலான கையெழுத்தில் இப்படி இருந்தது: ‘பிரெட்னிசோலோன். காலையில் சாப்பிட்ட பின். மூட்டு வீக்கத்துக்கு. டாக்டர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது.’

என்னுடைய வேலையும் ஒருநாள் இங்கே முடியும். அன்று அந்த நாற்காலியில் அமரப்போகிறவருக்கு இந்த நான்கு வாக்கியங்கள் போதும். உங்கள் வீட்டிலும் இந்த வாரமே அந்த நோட்டைத் தொடங்குங்கள். அடுத்த முறை வரும்போது எடுத்து வாருங்கள். காரணத்தை எழுதித் தருவது எங்கள் கடமை.